அரும்பு என்றால் ஃபெயில் அல்ல
(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

ஒன்றரை ஷிஃப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டோம்.

ரமலானுக்கு முன் ஒரு தாய் நம் அலுவலகம் வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகன் மூன்றாம் வகுப்பு. பேச்சு தாமதமாக வந்த பிள்ளை, எழுத்தும் பிடிபடவில்லை. "டீச்சர் இவனை அரும்புல போட்டுட்டாங்க பாய். செகண்ட்ஸ் பீஸ் மாதிரி ஒதுக்கிட்டாங்க. படிப்பை நிறுத்திடலாம்னு இவங்க அத்தா சொல்றார்" என்று அழுதார். அரும்பு என்றால் என்னவென்று அன்று நமக்கும் சரியாகத் தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை அடைக்க, 2022 ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரை, அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும். பிள்ளைக்கு இன்று எதுவரை வருகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள் வைத்தார்கள். பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். அந்தப் பையனின் நோட்டுகளை வாங்கிப் பார்த்தோம். தமிழில்தான் அரும்பு, கணக்கில் அவன் மொட்டு! அழுத அழுகையில் அந்தத் தாய் அதைக் கவனிக்கவே இல்லை.

நம் மக்தபை நினைத்துப் பாருங்கள். ஒரே பாயில் ஒரு பிள்ளை அலிஃப், பே ஓதுகிறது. பக்கத்துப் பிள்ளை அம்ம ஜுஸ்உ. இன்னொன்று பத்தாவது ஜுஸ்உ. உஸ்தாத் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக சபக் கேட்கிறார். அங்கே யாரையும் ஃபெயில் என்று நாம் சொன்னதில்லையே.

அதற்காக, அரும்பு என்று கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வரவும் கூடாது. மூன்று மாதத்துக்கு முன் என்ன தெரியும், இப்போது என்ன தெரியும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். எழுத வராத பிள்ளை வாயால் சரியாகச் சொல்கிறதா, படத்தைத் தொட்டுக் காட்டுகிறதா என்றும் கேளுங்கள். இரண்டு பருவமாக ஒரே இடத்தில் நின்றால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். நடக்க முடியாத, பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் அவர்களிடம் இருக்கிறது.

இது யாரும் போடும் தர்மம் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்விலும் தகுதியுள்ளவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. மருத்துவச் சான்றைக் கடைசி நேரத்தில் தேடி ஓடாதீர்கள். "கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும்" என்று சான்றே வாங்காத குடும்பங்களும் நம் மஹல்லாவில் இருக்கின்றன.

நம் பக்கத் தவறையும் சொல்லிவிட வேண்டும். நமது கல்வி உதவி விண்ணப்பத்தில் இத்தனை வருடமும் மதிப்பெண் கட்டம் மட்டுமே இருந்தது. இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் பெற்றோரும் அதை நிரப்பி வந்ததில்லை. ஏன் என்று நாமும் கேட்கவில்லை. இந்த ஆண்டு படிவத்தை மாற்றியிருக்கிறோம்.

அந்தப் பையன் இன்னும் பள்ளிக்குப் போகிறான். தமிழில் இன்றும் அரும்புதான். ஆனால் தன் பெயரைக் கூட்டிப் படிக்கிறான்.

ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம். பயிற்சி நூல், ஆதார், மருத்துவச் சீட்டு எது இருக்கிறதோ எடுத்து வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.