ஒரு வெள்ளி கொடுத்தோம், ஒரு வரி கொடுப்போம்



கைப்பேசி இல்லாத வீடு இன்று தோட்டத்திலும் அரிது. பால் வெட்டப் போகிறவரின் சட்டைப் பையில் அது இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து வந்ததும் கை அதைத்தான் தேடுகிறது. பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகளின் பாடத்துக்கு விளக்கம் தேடுகிறோம். அறிமுகம் இல்லாத யாரோ ஒருவர் எழுதி வைத்ததை, கூலி கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறோம். அப்படியானால் நம் பங்காக நாம் அதில் எதைப் போடுகிறோம்? அது யாருக்குப் பயன்படுகிறது? இதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

“நமக்கு என்ன தெரியும்? படித்தவர்கள் எழுதட்டும்” என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்வதுண்டு. இந்த எண்ணத்துக்கு நம்முடைய சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும், நல்லதொரு தமிழ் நூலகம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். அவர் கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத்துப் பாட்டாளிகளும் தங்கள் கூலியிலிருந்து அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். 1956-இல் அப்பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கியது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது.

அந்த ஒரு வெள்ளியின் தன்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொகை மிகச் சிறியது. கொடுத்தவருக்கு அந்த நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பு இருந்திருக்காது. எந்தப் பிள்ளை படிக்கப் போகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் கொடுத்தார். ஒருவர் படித்து முடித்தால் நூல் தீர்ந்துவிடுவதில்லை. அடுத்தவர் கைக்குப் போகிறது. ஆகவே அவர் கொடுத்த சிறு காசு ஒரு தலைமுறையையும் கடந்து பயன் தந்தது.

இணையத்தில் சாதாரண மக்கள் இடும் சிறு குறிப்புக்கும் இதே தன்மைதான் உண்டு. இதற்குச் சில உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நம் பழைய நூல்கள். 1998 பொங்கல் திருநாளில் ‘மதுரைத் திட்டம்’ என்ற முயற்சி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல், ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தார்கள். ஒருவர் தட்டச்சுச் செய்ததை இன்னொருவர் பிழை பார்த்தார். இன்று நம் தோட்டத்துப் பிள்ளை ஒரு பழைய நூலைக் காசில்லாமல் கைப்பேசியில் படிக்க முடிகிறது என்றால், முகம் தெரியாத அந்தத் தொண்டர்களின் விரல்கள்தாம் காரணம். தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும் எழுதுவதற்கு வழி செய்தவர்களில் நம் நாட்டவரும் இருக்கிறார். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’, ‘செல்லினம்’ ஆகியவற்றை நேயர்களில் பலர் அறிவீர்கள்.

இரண்டாவது, தமிழ் விக்கிப்பீடியா. இது யாரும் படிக்கக்கூடிய, யாரும் எழுதக்கூடிய கலைக்களஞ்சியம். 2003-இல் தொடங்கியது. 2017-இல் அதன் கட்டுரைகள் 1 இலட்சத்தைத் தாண்டின. எழுதியவர்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் பொறியியலாளர்களும் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. “யாரும் எழுதலாம் என்றால் பொய்யும் வந்துவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். வரத்தான் செய்யும். ஆனால் யார், எப்பொழுது, எதை மாற்றினார்கள் என்பது அங்கே பதிவாகிறது. தவறான திருத்தத்தை நீக்கிப் பழையபடி வைக்க இன்னொருவரால் முடியும். எழுதியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகையால் முழுக் கட்டுரை எழுத இயலாதவர்கூட உதவலாம். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். தம் ஊர்ப் பள்ளியின் படத்தை எடுத்துச் சேர்க்கலாம்.

மூன்றாவது, வரைபடம். இது உயிர் காக்கும் காரியம். ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற வரைபடம் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதில் அந்தந்த ஊர் மக்களே சாலையையும் பள்ளியையும் மருந்தகத்தையும் குறிக்கலாம். 2010 சனவரியில் ஹெய்ட்டி நாட்டில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு அப்பொழுது விரிவான வரைபடம் இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்த நூற்றுக்கணக்கானோர், வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துச் சில நாட்களில் அந்நகரின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுவினர் அதைப் பயன்படுத்தினார்கள். வரைந்தவர்களில் பலர் ஹெய்ட்டியைக் கண்ணால் கண்டதில்லை.

இதை நம் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒரு தாய்க்கு நள்ளிரவில் பிரசவ வலி வருகிறது. பட்டணத்திலிருந்து ஆம்புலன்ஸ் புறப்படுகிறது. தோட்டத்துப் பெயர்ப் பலகை வரையில் ஓட்டுநருக்கு வழி தெரியும். அதற்குப் பிறகு? இருபுறமும் ஒரே மாதிரி செம்பனை மரங்கள். பெயரில்லாத மண் பாதைகள். இரண்டாம் டிவிஷனுக்கு எந்தப் பக்கம் திரும்புவது? மாரியம்மன் கோயிலும் பழைய ஆயாக் கொட்டகையும் லயத்துக்குப் பிரியும் முச்சந்தியும் வரைபடத்தில் இருந்தால், அந்த வண்டி சுற்றி அலையாது. இந்தக் குறிப்பைக் கோலாலம்பூர் அலுவலகத்தில் இருப்பவரால் போட முடியாது. அங்கே தினமும் நடக்கிற நம்மால்தான் முடியும்.

நான்காவது, ஆபத்துக் காலத்துச் செய்தி. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபொழுது, எழுத்தாளர் ஹன்னா அல்காப் ‘கித்தா ஜாகா கித்தா’ என்ற முயற்சியைத் தொடங்கினார். உதவி தேவைப்படுவோரையும் உதவி செய்வோரையும் இணையத்தின் வழியே அது சேர்த்து வைத்தது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் வந்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் குடும்பங்கள் மேல்மாடியிலும் கூரையிலும் சிக்கிக்கொண்டன. “இந்தத் தெரு, இந்த எண் வீடு, இத்தனை பேர், கைக்குழந்தை இருக்கிறது” என்று மக்கள் முகநூலிலும் புலனத்திலும் எழுதினார்கள். படகு வைத்திருந்த தனியாட்கள் அதைப் பார்த்துப் புறப்பட்டு வந்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பம் காப்பாற்றப்பட்ட பிறகும் அதே செய்தி கை மாறிச் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? படகு ஆளில்லாத வீட்டுக்குப் போகும். பக்கத்துத் தெருவில் உண்மையாகவே தவிக்கிறவர் காத்துக் கிடப்பார். சரியான ஒரு வரி உயிரைக் காப்பது போலவே, பழையதாகிப் போன ஒரு வரி உயிருக்கு உலை வைக்கவும் கூடும். கொடுப்பது சுலபமானதால் பொறுப்புக் குறைந்துவிடாது.

சரி, நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது?

செந்தூலிலிருந்தே தொடங்குவோம். இது ரயில்வே ஊராக இருந்த இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே பெரிய ரயில்வே பணிமனை இயங்கியது. நம்மவர்கள் ஏராளமானோர் அதில் உழைத்தார்கள். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. பிற்காலத்தில் பணிமனை வேலைகள் பத்து காஜாவுக்கு மாறின. ரயில்வே காலத்துக் கட்டடம் ஒன்று 2005 முதல் நாடகக் கலை மையமாக இருக்கிறது. இந்தப் பெரிய விவரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் எந்தக் கொட்டகையில் என்ன வேலை நடந்தது, சங்கு ஊதியதும் ஆட்கள் எந்த வாசலால் வந்தார்கள் என்பதெல்லாம் சில முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

தோட்டங்களின் கதையும் இதுவே. இன்றைய புத்ராஜெயா, 1990களின் நடுவில் வேலை தொடங்கும் வரை பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டத்தின் மண்ணில் எழுந்தது. அங்கே ஒரு மாரியம்மன் கோயிலும் பள்ளிக்கூடமும் லயமும் இருந்தன என்பது இன்று நெடுஞ்சாலையில் போகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மரத்தை வெட்டி மண்ணைச் சமப்படுத்த ஒரு வாரம் போதும். அந்த மண்ணில் மூன்று தலைமுறை வாழ்ந்ததற்கு அடையாளமாக எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

நம்முடைய சொற்களையும் எண்ணிப் பாருங்கள். பெரட்டு என்றால் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் பெற்ற உருவம் அது. மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம். கிராணி, தண்டல், ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை என்று இன்னும் எத்தனையோ உண்டு. செந்தூல் அடுக்குமாடியில் வளரும் பேரப்பிள்ளைக்கு இவற்றில் பாதி புரியாது. தமிழ்நாட்டில் மலேசியக் கதையொன்றைப் படிக்கிற மாணவர் ‘மங்கு’ என்ற சொல்லில் தடுக்கி நிற்பார். அவர் யாரைப் போய்க் கேட்பார்? விக்சனரி என்ற இணைய அகராதியில் நாம் அந்தச் சொல்லுக்கு இரண்டு வரி பொருள் எழுதி வைத்தால், எங்கோ இருக்கிற அவருக்கு அது விடையாகும்.

தாய்மார்களே, தந்தையர்களே, உங்களுக்கு எழுத வரவில்லை என்றால் கவலை வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியை உட்கார வைத்து, கைப்பேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பழைய படத்தை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். கலைக்களஞ்சியத்துக்கு வெளியிடப்பட்ட ஆதாரம் வேண்டும் என்பதால் பாட்டியின் நினைவை அப்படியே அதில் எழுத இயலாது. ஆனால் பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்க ஆண்டறிக்கை போன்றவை பெட்டியின் அடியில் கிடக்கின்றன அல்லவா? அவை நல்ல ஆதாரங்கள். கறையான் அரிக்குமுன் வெளியே எடுங்கள்.

இக்காரியத்தில் இறங்கும்பொழுது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

நாம் நேரில் அறிந்ததை, அறிந்த அளவுக்கே எழுத வேண்டும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதைக் குறிக்க வேண்டும். தேதி இல்லாத படம் பாதிப் பயனைத்தான் தரும்.

அவசரச் செய்தி வந்தால், நேரமும் இடமும் பார்த்து, முடிந்தால் ஒரு முறை விசாரித்த பின்னரே மற்றவருக்கு அனுப்ப வேண்டும். காரியம் முடிந்ததும் “உதவி கிடைத்துவிட்டது” என்று மறவாமல் எழுத வேண்டும்.

ஒருவருடைய படத்தையோ வீட்டுக் கதையையோ அவரைக் கேளாமல் போடக் கூடாது. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி விவரம் ஆகியவற்றை ஒருபொழுதும் பொதுவில் எழுதக் கூடாது. மேலே சொன்ன தொண்டு எதற்கும் இரகசியக் குறியீட்டு எண் தேவையில்லை. அதைக் கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

பிறர் எடுத்த படத்தையும் பிறர் எழுதியதையும் நம்முடையது என்று சொல்லிப் போடக் கூடாது. நாம் எழுதியதை ஒருவர் திருத்தினால் கோபம் கொள்ளாமல், யார் சொல்வது சரி என்று பார்க்க வேண்டும்.

நேயர்களே, ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குக் கொடுத்தவர்கள் செல்வந்தர்களாக இருந்துதான் கொடுத்தார்கள் என்பதில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டதனால் ஏழைக்கும் அதில் பங்கு கிடைத்தது. இன்று கேட்கப்படுவது காசுகூட இல்லை. நம் தோட்டத்தின் பெயர், ஒரு முச்சந்தி, ஒரு சொல்லின் பொருள், தேதியிட்ட ஒரு படம், இவ்வளவே. இந்த வாரம் வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்பொழுது, பெரியவர்களைக் கேட்டு உங்கள் தோட்டத்துச் சொற்கள் பத்தைப் பொருளோடு எழுதி வையுங்கள். அடுத்த வாரம் பிள்ளைகளில் ஒருவர் அவற்றை விக்சனரியில் தேடிப் பார்க்கட்டும். இல்லாததைச் சேர்க்கட்டும்.