மருத்துவப் படிப்பும் கடன் கணக்கும்



சிகாமட் வட்டாரத்திலே, லாபிஸ், பத்து அனாம், பூலோ காசாப், ஜெமந்தா ஆகிய இடங்களின் தோட்டங்களில் வாழும் பெற்றோர்களே, இன்று உங்களோடு ஒரு கணக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "என் மகள் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறாள், அரசாங்கம் கடன் கொடுக்குமாமே, அது போதுமா?" என்ற கேள்வி தோட்டத்து வீடுகளில் அடிக்கடி எழுகிறது. கடன் கிடைக்கும். போதுமா, போதாதா என்பது பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது.

மருத்துவப் படிப்புக்கு நம் நாட்டில் இரண்டு வாசல்கள். ஒன்று அரசாங்கப் பல்கலைக்கழகம். கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1960-களிலும், தேசியப் பல்கலைக்கழகத்தில் 1970-களிலும் மருத்துவக் கல்வி தொடங்கியது. பின்னர் மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்துகொண்டன. இங்கே செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மாணவர் கட்டுவது ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளிதான்.

மற்றொன்று தனியார் கல்லூரி. அங்கே ஐந்து ஆண்டுப் படிப்புக்கு மூன்று லட்சம் வெள்ளியை எட்டுவதும் உண்டு, தாண்டுவதும் உண்டு. மூன்று லட்சத்தை அறுபது மாதத்துக்குப் பங்கிட்டுப் பாருங்கள். மாதம் 5,000 வெள்ளி வருகிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. தாயும் தந்தையும் அந்தச் சம்பளத்தில் வேலை செய்து, ஒரு காசும் வீட்டுக்குச் செலவிடாமல் கொடுத்தாலும் 3,400 வெள்ளிதான். ஆசை பெரிதுதான், ஆனால் இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி அரசாங்கக் கடனைப் பார்ப்போம். பி.டி.பி.டி.என். என்று நாம் அழைக்கும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. உள்நாட்டில் உயர்கல்வி பயிலும் மாணவர்களுக்கு அது கடன் கொடுக்கிறது. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் கடன் தொகை கூடுதலாகக் கிடைக்கும். இந்தக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் எஸ்.எஸ்.பி.என். என்னும் சேமிப்புக் கணக்கைத் திறந்திருக்க வேண்டும்.

இதன் சிறப்பு, சேவைக் கட்டணம் மிகக் குறைவு என்பதே. முதல் தொகையின் மீது ஆண்டுக்கு 1 விழுக்காடு. உதாரணமாக, ஒரு மாணவி 50,000 வெள்ளி பெற்றுப் பதினைந்து ஆண்டுகளில் திருப்பிக் கட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 வெள்ளி வீதம் கட்டணம் 7,500 வெள்ளி. ஆக மொத்தம் 57,500 வெள்ளி. மாதம் ஏறக்குறைய 320 வெள்ளி. வேலை பார்க்கும் ஒரு மருத்துவருக்கு இது சுமக்கக்கூடிய சுமைதான்.

வட்டிக்காரனிடம் 5,000 வெள்ளியை மாதம் பத்து விழுக்காட்டுக்கு வாங்கினால் என்னவாகும்? ஒரே மாதத்து வட்டி 500 வெள்ளி. நிதிக் கழகம் 50,000 வெள்ளிக்கு ஓர் ஆண்டில் கேட்பதை, இவன் 5,000 வெள்ளிக்கு ஒரு மாதத்தில் கேட்கிறான்! படிப்புக்காக ஆலோங்கின் கதவைத் தட்டவே கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கடனின் முதல் தவணை பதிவு நாளன்றே கைக்கு வந்துவிடாது. பதிவுக் கட்டணம், தங்கும் விடுதி, பயணம், புத்தகம் ஆகியவற்றுக்குக் கையில் பணம் வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நிதிக் கழகம் முன்பணம் தரும் ஏற்பாடும் உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டாவது, பிள்ளை தேர்வில் தவறினால் அடுத்த தவணை நின்றுபோகக்கூடும்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் இந்தக் கடனே பெரும்பகுதியைத் தாங்கிவிடும். தனியார் கல்லூரியிலோ இது ஒரு பகுதியைத்தான் அடைக்கும். மீதியை எங்கே தேடுவது? அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளம், கல்லூரிகள் தரும் கட்டணச் சலுகை ஆகியவை இதில் அடங்கும். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கிவருகிறது. தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்கள் பங்குப் பணம் கட்டி வளர்த்த சங்கம் அது. தாத்தா, பாட்டி பெயரில் பங்கு இருக்கிறதா என்று வீட்டுப் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, குறைந்த செலவில் கிடைக்கும் கடன். 1984-இல் அமைக்கப்பட்ட எம்.ஐ.இ.டி. என்னும் கல்விக் கழகம் இந்திய மாணவர்களுக்கு உதவிவருகிறது. கெடாவில் 2001-இல் தோன்றிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அதன் முயற்சியே.

மூன்றாவதாக உங்கள் ஊழியர் சேமநிதி. பிள்ளையின் உயர்கல்விக்காக அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். 2024 மே மாதம் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. கல்விக்கான பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வரும். ஆனால், தோட்டத்தில் ஓய்வு பெறும் நாளில் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கிறதே! அப்போது தலைக்கு மேல் கூரை போட இந்தப் பணம்தானே துணை? ஆகவே சிறு குறையை நிரப்ப எடுங்கள். முழுவதையும் துடைத்து எடுத்துவிடாதீர்கள்.

கடைசியில் வங்கிக் கடன். பொதுவாகப் பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ஒரு லட்சம் வெள்ளிக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே ஆண்டுக்கு 5,000 வெள்ளி வட்டி. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமாவும் சித்தப்பாவும் அதற்குப் பொறுப்பாளிகள் ஆகிறார்கள்.

இந்தப் பேச்சின் சாரம் இதுதான்: முதல் கையெழுத்துக்கு முன்னால் ஐந்தாம் ஆண்டின் கடைசி நாள் வரை கணக்குப் போடுங்கள். ஒரு தாளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்டணம் எவ்வளவு, சாப்பாடும் தங்கும் செலவும் எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் நகையை அடகு வைத்து, கூட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், மூன்றாம் ஆண்டில் பிள்ளை வீட்டுக்குத் திரும்பக்கூடும். பாதி மருத்துவர் என்று யாரும் இல்லை. பட்டம் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சும்.

பட்டம் பெற்ற பின்னும் கவனம் வேண்டும். முன்பெல்லாம் டாக்டரானால் அரசாங்கத்தில் நிரந்தர வேலை உறுதி என்றிருந்தது. 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் நியமிக்கப்படலாயினர். அதை எதிர்த்து 2021 ஜூலை 26-ஆம் நாள் இளம் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே பட்டம் வாங்கிய மறுமாதமே சம்பளம் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

வெளிநாட்டுக் கல்லூரிக்கு அழைக்கும் ஏஜெண்டுகள் விஷயத்தில் இன்னும் நிதானம் தேவை. அந்தக் கல்லூரியை மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்திருக்கிறதா என்பதை மன்றத்திடமே கேட்டறிந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

ஆக, எல்லாவற்றிலும் மலிவான வழி அரசாங்கப் பல்கலைக்கழகம்தான். அதற்கான வேலை நான்காம் படிவத்திலேயே தொடங்குகிறது. உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகிய பாடங்களைப் பிள்ளை எடுக்க வேண்டும். எஸ்.பி.எம். முடிந்ததும் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனில் மிகச் சிறந்த மதிப்பெண் வேண்டும். நேர்முகத் தேர்வும் உண்டு. கூச்சமில்லாமல் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசப் பிள்ளையைப் பழக்குங்கள். இன்று டியூஷனுக்குச் செலவிடும் நூறு வெள்ளி, நாளை ஒரு லட்சம் வெள்ளிக் கடனைத் தவிர்க்கக்கூடும்.

இடம் கிடைக்கவில்லையென்றால் உலகம் முடிந்துவிடாது. தாதிமை, மருந்தகவியல், மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில் ஆகியவையும் நோயாளிக்குச் செய்யும் தொண்டே. அவற்றுக்கும் நிதிக் கழகக் கடன் உண்டு.

பெற்றோர்களே, பிள்ளையின் கனவைக் கடனுக்குப் பயந்து கலைத்துவிடாதீர்கள். கணக்குப் பார்க்காமல் கடனிலும் இறங்காதீர்கள். இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, அந்த ஐந்தாண்டுக் கணக்கை இருவருமாக எழுதிப் பாருங்கள்.