நம் மாவட்டத்தை நாம் அறிவோமா?

(மாவட்ட ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை. வாசகர்களின் பயன் கருதி எழுத்தில் தரப்படுகிறது.)



அரசு அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு. மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் கீழே உள்ளவரைப் பார்த்து, "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பார். அந்தக் காடு எது தெரியுமா? நம்முடைய இராமநாதபுரம்தான். தண்டனையாக அனுப்பப்படும் ஊர் என்று நம் மண்ணுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நாமும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே காலம் தள்ளிவிட்டோம்.

இன்று உங்களிடம் அரசியல் மேடைப் பேச்சு எதுவும் பேசப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். நாம் வாழும் மாவட்டத்தை நாம் அறிவோமா? துபாயில் எந்தத் தெருவில் எந்தக் கடை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த நமக்கு, நம் ஊர்க் கண்மாய் எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது என்று தெரியுமா? சிந்தித்துப் பாருங்கள்!

மண்ணும் மக்களும்

1910ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சியில் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டது. மிகப் பெரிய மாவட்டமாக இருந்த இதை 1985இல் மூன்றாகப் பிரித்தார்கள். சிவகங்கைப் பக்கம் ஒன்று, விருதுநகர்ப் பக்கம் ஒன்று, கடற்கரையோரம் எஞ்சியது நம் மாவட்டம். பிரிவினையில் நமக்கு வந்தது நீண்ட கடற்கரையும் வறண்ட வயலும்தான்.

வடக்கே தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், பனைக்குளம், அழகன்குளம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என்று பாக் நீரிணைக் கரை. அங்கிருந்து திரும்பினால் புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மன்னார் வளைகுடாக் கரை. இந்த ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்லும்போதே பள்ளிவாசல் மினாராக்கள் உங்கள் கண்முன் வந்திருக்கும். உள்நாட்டில் பரமக்குடியில் சௌராஷ்டிர மக்களின் தறிச் சத்தம். கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் மிளகாய்க் காடு. இந்த மண்ணின் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடற்கரையில் மீன்பிடித் தொழில், உப்பளம், பனைமரம். இவைதான் நம் வாழ்வாதாரங்கள்.

2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்கள் 13,53,445 பேர். பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். முஸ்லிம்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். அதாவது இரண்டு லட்சத்திற்கும் மேல். தமிழகம் முழுவதிலும் நம் சமுதாயம் நூற்றுக்கு ஆறு பேர்தான். அப்படியானால் இங்கே நம் பொறுப்பு எவ்வளவு பெரியது! ஆனால் நாம் எங்கே இருக்கிறோம்? ஊரில் பாதி ஆண்கள் சபுராளிகள். வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வியர்வை சிந்துகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு உயர்கிறது, பள்ளிவாசல் உயர்கிறது. தெரு மட்டும் அப்படியே கிடக்கிறது. ஏன்?

தண்ணீர் இல்லையா, பராமரிப்பு இல்லையா?

சகோதரர்களே! இந்த மண்ணில் மழையே பெய்வதில்லை என்பது தவறு. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. இதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். குடிப்பதற்கு ஊருணி வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். வைகையின் கடைசித் தண்ணீரை வாங்கிக்கொள்ள இராமநாதபுரம் பெரிய கண்மாய். வடக்கே இராஜசிங்கமங்கலம் கண்மாய், தமிழகத்தின் பெரிய கண்மாய்களில் ஒன்று.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. அதன் பிறகு சேதுபதி ஜமீனின் கண்மாய்கள் சர்க்கார் கைக்கு வந்தன. ஜமீன் போனது நல்லதுதான். ஆனால் அதோடு, ஊர் கூடி வரத்துக்கால் வெட்டும் குடிமராமத்துப் பழக்கமும் போய்விட்டது. "சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்று மக்கள் விட்டார்கள். சர்க்கார் பார்த்துக்கொண்டே இருந்தது! கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் ஏறியது. மண் மேவியது. மடை உடைந்தது. இன்று ஊருணிக் கரையில் நின்றுகொண்டு லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்கிறோம்.

ஆக, குறை வானத்தில் இல்லை. வந்ததைத் தேக்கி வைக்கும் கரையில்தான் குறை. நான் சொல்ல வந்த விஷயமும் இதுதான். தண்ணீரைப் போலவே அதிகாரமும் நம் வாசல்வரை வந்துகொண்டுதான் இருக்கிறது. அதையும் நாம் கடலுக்கு விட்டுவிடுகிறோம்.

யார் கையில் எது?

நம் மாவட்ட நிர்வாகம் இரண்டு தண்டவாளங்களில் ஓடுகிறது. ஒன்று வருவாய்த் துறை. மாவட்ட ஆட்சியர்; அவருக்குக் கீழே இராமநாதபுரம், பரமக்குடி ஆகிய இரண்டு கோட்டங்கள்; அவற்றுக்குக் கீழே ஒன்பது தாலுகாக்கள்; கிராமத்தில் வி.ஏ.ஓ. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இந்தத் தண்டவாளம். குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைவதை விட்டுவிட்டு, பிறந்த அன்றே அலையுங்கள்!

இன்னொன்று உள்ளாட்சி. நான்கு நகராட்சிகள், ஏழு பேரூராட்சிகள், பதினொரு ஊராட்சி ஒன்றியங்கள், அவற்றுக்குள் 429 ஊராட்சிகள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, தெருச்சாலை, ஊருணி எல்லாம் இந்தத் தண்டவாளம்.

கண்மாய் விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். இது தெரியாமல் பி.டி.ஓ. ஆபீஸில் கொடுக்க வேண்டிய மனுவைப் பொதுப்பணி ஆபீஸில் கொடுத்துவிட்டு, "அதிகாரிகள் நம்மைப் புறக்கணிக்கிறார்கள்" என்று ஜும்ஆ முடிந்ததும் வாசலில் நின்று பேசுகிறோம். புறக்கணிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. தவறான கதவைத் தட்டிவிட்டு, திறக்கவில்லை என்று அழுவதும் நடக்கிறது என்கிறேன்.

என் தவறு

பிறரைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்கிறேன். கடற்கரையோரம் எங்கள் மஹல்லா. முந்நூறு வீடுகள். குடிநீர்த் தொட்டி வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் மனுக் கொடுத்தோம். மனு சுற்றிக்கொண்டு மீண்டும் ஒன்றியத்துக்கே வந்தது. எனக்குக் கோபம். "நாங்கள் முஸ்லிம்கள் என்பதால்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

அங்கிருந்த கிளர்க் சத்தம் போடவில்லை. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். 2022 ஆகஸ்ட் 15 கிராம சபை. தொட்டி வேறொரு தெருவுக்குத் தீர்மானமாகியிருந்தது. அது உழைக்கும் தலித் மக்களின் தெரு. எங்களைவிடத் தண்ணீர்க் கஷ்டம் அதிகம் உள்ள தெரு. அந்தத் தெருப் பெண்கள் நாற்பது பேர் வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் முந்நூறு வீடுகளில் இருந்து இரண்டே கையெழுத்து. "ஹஜ்ரத், அன்றைக்கு நீங்கள் வரவில்லையே?" என்றார்.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அதே நேரத்தில், இரண்டு தெரு தள்ளி, மதரஸாவில் கொடியேற்றிவிட்டுச் சுதந்திரப் போராட்டத்தில் முஸ்லிம்களின் பங்கு பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்! பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தச் சுதந்திரம் என்னைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டது, நான் போகவில்லை.

அந்தப் பெண்கள் வந்தார்கள், கேட்டார்கள், பெற்றார்கள். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது? வெட்கத்தோடு திரும்பினேன். 2023 ஜனவரி 26 கிராம சபைக்கு எங்கள் மஹல்லாவிலிருந்து ஆண்களும் பெண்களுமாக எழுபது பேர் போனோம். எங்கள் கோரிக்கையை ஆதரித்து முதலில் எழுந்து பேசியவர் யார் தெரியுமா? அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு தாய்தான். அடுத்த ஆண்டு தொட்டி வந்தது.

கிராம சபை என்ன செய்யும்?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். எந்த வேலை எந்தத் தெருவுக்கு என்று தீர்மானிக்கலாம். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கூடினால்தான் கூட்டம் செல்லும். மஷூரா செய்து முடிவெடுப்பது நம் மார்க்கம் காட்டித் தந்த வழி. அதைச் சட்டமே நம் கையில் கொடுத்திருக்கும்போது நாம் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்?

பாராளுமன்றத் தேர்தல் வந்தால் ஆறு மாதம் டீக்கடையில் பேசுகிறோம். ஊராட்சித் தேர்தலில் கிராம வாக்காளருக்கு நான்கு ஓட்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். இந்த இடங்களில் பாதி பெண்களுக்கு என்று தமிழகச் சட்டம் 2016இல் ஆனது. நம் ஊர்களில் என்ன நடக்கிறது? மனைவி பெயரில் வெற்றி, கணவன் நாற்காலியில்! இது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம் இல்லையா? கையெழுத்துப் போடும் சகோதரிக்குக் கணக்கும் தெரிய வேண்டும். படித்த பெண்பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை முன்னே வரவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2019 டிசம்பரில்தான் நம் மாவட்டத்தில் நடந்தது. மூன்று ஆண்டுகள் ஊராட்சிக்குத் தலைவர் இல்லை. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது, மீண்டும் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகள் போயின. ஒன்றிய அதிகாரி ஒருவர் பல ஊர்களுக்குப் பொறுப்பு. அவர் நல்லவராகவே இருக்கட்டும். எங்கள் தெருக் குழாய் அவர் கண்ணில் படுமா? தலைவர் இல்லாத காலத்தில்தான் கிராம சபை இன்னும் அவசியம். அப்போதுதான் நாம் இன்னும் தூங்குகிறோம்!

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து பேர் கொண்ட குழு அமையுங்கள். இருவராவது பெண்களாக இருக்கட்டும். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபாருங்கள். பதினெட்டு வயதான பிள்ளை, மருமகளாக வந்த பெண், ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. கிராம சபைக்கு முந்திய ஜும்ஆவில் தேதியையும் நேரத்தையும் அறிவியுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய், ஊருணி, வரத்துக்கால் இவற்றின் சர்வே எண்ணை வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆக்கிரமித்திருப்பவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தெருவுக்கு மட்டும் கேட்காதீர்கள். இந்த மாவட்டம் சாதிச் சண்டையில் பட்ட காயம் கொஞ்சமல்ல. 1957இல் முதுகுளத்தூரும், 2011இல் பரமக்குடியும் கண்ட இரத்தம் போதும். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் மானியம் தந்த சேதுபதிகளின் சீமை இது. இஸ்லாமியக் காப்பியம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் சீமை இது. மேல் ஊர்க் கண்மாய் நிறையாமல் கீழ் ஊர்க் கண்மாய் நிறையாது. இது விவசாயிக்குத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். அடுத்த கிராம சபை என்றைக்கு என்று விசாரியுங்கள். அன்றைக்கு உங்கள் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்கட்டும். உங்கள் கையெழுத்துக்குக் கீழே உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

தண்ணியில்லாக் காடு என்ற பெயரை மாற்றும் பாக்கியத்தை வல்ல இறைவன் நம் தலைமுறைக்குத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.