திரை கறுத்தால் பதற வேண்டாம்

(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது உங்களில் பலருக்குத் தெரியும். முதல் நாள் மாலை விண்டோஸ் அப்டேட் ஆனது. மறுநாள் ஆன் செய்தால் லோகோ வருகிறது, அப்புறம் திரை கறுப்பு. பார்க்க வந்தவர், "கிராபிக்ஸ் கார்டு போச்சு சார். மாத்திட்டு ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார். நம் மூன்று வருட மெயின்டனன்ஸ் கணக்கு அதில்தான் இருக்கிறது. பொருளாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் யோசித்தது ஒன்றுதான். லோகோ தெரிகிறது என்றால் மானிட்டர், கேபிள், கார்டு மூன்றும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன. அதற்குப் பிறகு கறுக்கிறது என்றால் முதல் சந்தேகம் டிரைவர் மேல். டிரைவர் என்பது விண்டோஸுக்கும் கார்டுக்கும் நடுவே பேசும் மென்பொருள். அது கெட்டால் படம்தான் வராது. உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால், இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கேபிள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும்.

அடுத்து, விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். சில சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

இல்லையென்றால் சேஃப் மோடு. லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு 4-ஐ அழுத்துங்கள். எழுத்துகள் பெரிதாக, மங்கலாக வந்தால் சந்தோஷப்படுங்கள். குற்றவாளி பெரும்பாலும் டிரைவர்தான்.

இப்போது ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் போங்கள். டிஸ்ப்ளே அடாப்டர்ஸில் கார்டின் பெயரை இரண்டு முறை கிளிக் செய்து, டிரைவர் பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். பழைய டிரைவர் திரும்பிவிடும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

புது டிரைவர் வேண்டுமென்றால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் அல்லது கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மட்டும் எடுங்கள். 'இலவச டிரைவர் அப்டேட்டர்' விளம்பரம் எதையும் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சங்கக் கம்ப்யூட்டர் ரோல் பேக்கிலேயே எழுந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை. அன்றே கணக்கை ஒரு பென்டிரைவிலும் எடுத்துவைத்தோம். நீங்களும் எடுத்துவையுங்கள், கார்டு நிஜமாகவே போகிற நாளும் வரலாம்.

யாராவது "ஃபார்மட்" என்று சொன்னால், சரி சொல்வதற்கு முன் என் வீட்டு பெல்லை அடியுங்கள்.