தறிக்காரனும் பத்திரிகைப் படிப்பும்

களம்பூர்த் தோழர்களே! பகலெல்லாம் தறியில் உட்காருகிறவன் இராத்திரியில் பத்திரிகைத் தொழில் படிப்பதாவது என்று சிலர் பரிகாசம் செய்கிறார்கள். படித்தாலென்ன குடி முழுகிவிடும் என்று நாம் கேட்கின்றோம்.

உத்தரப்பிரதேசத்துச் சித்திரக்கூடத்தில் 2002-ல் தோன்றிய கபர் லஹரியா பத்திரிகைக்குச் செய்தி திரட்டுகிறவர்கள் யார்? கிராமத்துப் பெண்கள், அவர்களிலும் தாழ்த்தப்பட்டோர் பலர். குடும்ப வேலையையும் பார்த்துக்கொண்டேதான் எழுதப் பழகினார்கள். பிறகு அச்சை விட்டுவிட்டுக் கைப்பேசியில் படம் பிடித்துச் செய்தி சொல்லவும் கற்றார்கள். ஆங்கில எழுத்துள்ள கைப்பேசியைக் கண்டு முதலில் திகைத்தவர்களும் உண்டு, திகைத்தார்களேயொழிய ஓடிவிடவில்லை.

நமக்கோ வேலையை விடாமலே படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. இதழியலுக்கும் புதிய ஊடகத்திற்கும் அங்கே தனிப் பிரிவே உண்டு.

பட்டுச் சேலை கடையில் என்ன விலைக்குப் போகிறது, நெய்தவன் கைக்கு வந்த கூலி எவ்வளவு என்னும் கணக்கை வெளியூர் நிருபர் வந்து எழுதட்டும் என்றா நாம் காத்துக்கொண்டிருப்பது?