கடைசிக் கையெழுத்து



இன்னும் கொஞ்ச நாளில், பட்டம் பெறும் உங்களில் பலர் தாம்பரம் மெப்ஸ் கேட்டிலோ, ஓ.எம்.ஆர். அலுவலகத்திலோ கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்பீர்கள். பொறுப்பை உடனே தலையில் கட்டிவிடுவார்கள். அதிகாரம்தான் தாமதமாக வரும். சில இடங்களில் வராமலே போகும்.

கிரிக்கெட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2011-ல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, அதே ஆண்டு இங்கிலாந்திலும் அடுத்து ஆஸ்திரேலியாவிலும் டெஸ்ட் தொடர்களை 0-4 என்று இழந்தது. தேர்வுக்குழுத் தலைவர் நம்ம ஸ்ரீகாந்த். தோனியை கேப்டன் பதவியிலிருந்து நீக்கக் குழு முடிவெடுத்தும் வாரியத் தலைவர் என். சீனிவாசன் ஒப்பவில்லை என்று, குழுவில் இருந்த மொகிந்தர் அமர்நாத் பின்னர் தொலைக்காட்சியில் போட்டு உடைத்தார். அப்போது அமர்நாத் பதவியில் இல்லை.

தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்பது அன்றைய விதி. ஆக, விதிமீறல் இல்லை. ஆனால் அந்தத் தலைவரின் இந்தியா சிமெண்ட்ஸ்தான் அப்போது சென்னை சூப்பர் கிங்ஸின் உரிமையாளர்; அந்த அணியின் கேப்டனும் தோனியே! தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியதைச் சீனிவாசனும் பிற்பாடு மறைக்கவில்லை. உலகக் கோப்பை வென்றவரை எப்படி நீக்குவது என்பது அவர் வாதம்.

சேப்பாக்கத்தில் விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். 2013-ல் தோனி சாம்பியன்ஸ் டிராஃபியை வென்றபோது எனக்கும் சந்தோஷம்தான். முதலாளி கணக்கு பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஐந்து பேரை உட்கார வைத்துத் தேர்வுக்குழு என்று பெயர் சூட்டியது எதற்கு?

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. எதிலும் மூக்கை நுழைக்கும் உரிமையாளர் ஸ்டெயின்பிரென்னரை 1990-ல் நிர்வாகத்திலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். அந்த இடைவெளியில் பொது மேலாளர் ஜீன் மைக்கேல், பெர்னி வில்லியம்ஸ் போன்ற இளைஞர்களை விற்றுவிடாமல் பொறுமையாக வளர்த்தார். 1996-ல் கோப்பை வந்தது. அதற்குள் முதலாளி திரும்பியிருந்தார். மைக்கேல் அந்த நாற்காலியில் இல்லை.

இங்கே இந்திய கிரிக்கெட்டில், அணித் தேர்வைத் தேர்வாளர்களிடமே விடச் சொன்னது, வாரியத்தைச் சீர்திருத்த அமைத்த லோதா குழு. அதன் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

அதனால், வேலைக்கான நேர்காணல் முடிவில், "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். சம்பளத்தைக் கேளுங்கள், தப்பில்லை. கூடவே, "நான் எடுக்கும் முடிவை யார் மாற்றலாம், மாற்றினால் காரணத்தை எழுதித் தருவீர்களா?" என்றும் கேட்டு வையுங்கள்.