மைனஸ் 30 டிகிரியில் சோலார் பேனல்: எட்மன்டன் சொல்லும் கணக்கு

இன்னைக்கு நாம பேசப்போற ஊர் எட்மன்டன். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தலைநகர். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி அங்கே புதுசு இல்லை. "இந்த ஊர்ல போய் சோலார் பேனலா?" என்றுதான் யாரும் முதலில் கேட்பாங்க.

சோலார் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. சொல்லப்போனா சூடு ஏற ஏற அதன் உற்பத்தி குறையும். வழக்கமான சிலிக்கான் பேனல் 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கும். அதனால குளிர் பேனலுக்கு நல்லதுதான்.

சரி, வெளிச்சம் இருக்கா? இருக்கு. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர் என்பதால் காற்று வறண்டது. ஆண்டுக்குச் சுமார் 2,300 மணி நேரம் வெயில் அடிக்குது. தெற்கு பார்த்துச் சரியான சாய்வில் வைத்த 1 கிலோவாட் பேனல், ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் கொடுக்கும். ஏறக்குறைய அதே அட்சரேகையில் இருக்கிற பெர்லினைவிட இது அதிகம்.

அப்போ பனி? உள்ளூரில் இருக்கிற நெய்ட் தொழில்நுட்பக் கல்லூரி இதைப் பல வருஷம் அளந்து பார்த்தது. நல்ல சாய்வு இருந்தால், பனியால் போவது ஆண்டு உற்பத்தியில் சில சதவீதம்தான். காரணம் எளிது. பனி மூடுற மாதங்களில் எப்படியும் உற்பத்தி குறைவு.

உண்மையான சிக்கலே அங்கேதான் இருக்கு. ஜூனில் பகல் 17 மணி நேரம். டிசம்பரில் ஏழரை மணி நேரம்.

2024 ஜனவரி 13-ஐ எடுத்துக்கோங்க. கடுங்குளிர். சாயங்காலம் ஆல்பர்ட்டா மக்களோட செல்போன்களுக்கு அவசர எச்சரிக்கை வந்தது: மின்சாரப் பயன்பாட்டை உடனே குறையுங்கள், இல்லாவிட்டால் சுழற்சி முறையில் மின்வெட்டு வரலாம். மக்கள் விளக்குகளை அணைத்தாங்க. சில நிமிஷத்திலேயே தேவை இறங்கியது, மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. அந்த நேரத்தில் சூரியன் மறைஞ்சாச்சு. மாகாணத்தில் இருந்த எந்தப் பேனலாலும் உதவ முடியலை.

கோடையில் கிரிட்டுக்குக் கொடுக்கும் உபரி, பில்லில் வரவாகக் கிடைக்கும். ஆனா அது பணக் கணக்கு. ஜூன் மாத மின்சாரம் ஜனவரி வரைக்கும் எங்கேயும் காத்திருக்காது. வீட்டு பேட்டரி பகலில் சேர்த்ததை ராத்திரிக்குத் தரும். கோடையில் சேர்த்ததைக் குளிர்காலத்துக்குத் தராது. இன்னைக்கு அந்த ஊர் வீடுகளைப் பெரும்பாலும் சூடாக்குவது இயற்கை எரிவாயு. நாளைக்கு அதுவும் மின்சாரத்துக்கு மாறினால், ஜனவரி ராத்திரிகளின் தேவை இன்னும் கூடும்.

அதுக்காகப் பேனல் வேண்டாம்னு நான் சொல்லலை. எட்மன்டன் கூரையில் அது நல்லாவே உழைக்கும். ஆனா குளிர் நாட்டில் இருந்து இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற நீங்க, பேனல் விற்க வர்றவர்கிட்ட ஆண்டு மொத்தத்தை மட்டும் கேட்காதீங்க. "டிசம்பரில் எத்தனை யூனிட் வரும்?" என்றும் கேளுங்க. அந்தப் பதிலை உங்க டிசம்பர் பில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்க.